நாற்பத்து மூன்றாவது பட்டன்

எதையும் ஒரே இடத்தில் சொல்லி முடிக்க மனசு வராத ரகம் ஒன்று உண்டு, கவனித்திருக்கிறீர்களா? ஆளாளுக்குத் தனித்தனியாகப் போய், தன் வாயால் சொன்னால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். அந்த ரகத்தில் அசல் வித்து, ஆரப்பாளையத்தில் லாட்ஜ் மாடியொன்றில் சாப்ட்வேர் எழுதிய வெங்கடரமணன்.

இரண்டாயிரத்து ஒன்றில், வாடிப்பட்டி கல்யாண மண்டப முதலாளி பாண்டியராஜனுக்கு அவர் ஒரு புக்கிங் சாப்ட்வேர் எழுதினார். திரையில் நாற்பத்து மூன்று பட்டன். யார் எதை அமுக்கலாம் என்பதை ஒரே இடத்தில் எழுதி, திரை திறக்கும்போதே எல்லாப் பட்டனுக்கும் அந்த ஒன்றையே கொடுத்துவிட்டால் தீர்ந்தது. செய்வாரா? ஒவ்வொரு பட்டனுக்குள்ளும், 'முதலாளி அமுக்கலாம், மேனேஜர் அமுக்கலாம், மற்றவன் தொடாதே' என்று நாற்பத்து மூன்று தடவை கைப்பட எழுதி, நடுநடுவே காப்பி குடித்து, கழுத்து பிடித்துக்கொள்ள, அதையும் பெருமையாகத் தடவிக்கொண்டார்.

பக்கத்து மேஜை வித்யாஸ்ரீக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, அனுமதியெல்லாம் ஒரே ஆப்ஜெக்ட்ல வச்சு எல்லாத்துக்கும் அதையே குடுத்துருவமே. நாளைக்கு ஏதாச்சும் மாறுனா ஒரு இடத்துல மாத்துனாப் போதும்."

"அம்புட்டையும் ஒண்ண நம்பி விடச் சொல்றியாம்மா? பட்டன் ஒண்ணொண்ணும் என் பிள்ளை மாதிரி."

பிள்ளைகளை எண்ணத் தெரிய வேண்டாமா மனுஷனுக்கு?

மேனேஜர் முத்திருளன், பாண்டியராஜனின் மச்சினன். ஒருநாள் ரெண்டு பேரும் முட்டிக்கொண்டார்கள். "அவன் இனிமே எதையும் தொடக்கூடாது தம்பி!" என்று போன் வந்தது. வெங்கடரமணன் பட்டன் பட்டனாகப் போய் மேனேஜரை நீக்கினார். நாற்பத்திரண்டு முடிந்ததும் காப்பி வந்துவிட்டது.

மறுநாள் பாண்டியராஜன் தன் மகள் கனகலட்சுமி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். முத்திருளன் வந்து உட்கார்ந்து, வயிற்றெரிச்சலில் எல்லாப் பட்டனையும் அமுக்கினார். அனுமதி இல்லை, அனுமதி இல்லை. கடைசியில் 'ரத்து'. அது மட்டும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டியது. திறந்து கிடந்த கனகலட்சுமியின் ஆவணி முகூர்த்தம் திரையை விட்டே போய்விட்டது. அதே தேதிக்கு மூன்று மாசமாக அலைந்த உசிலம்பட்டிக்காரர் அந்த நேரம் பார்த்து உள்ளே வர, தேதி காலியென்று கவுண்டரில் இருந்த தங்கப்பொண்ணு பதிந்து, ரசீதும் கிழித்துக் கொடுத்துவிட்டாள்.

"குடுத்த தேதியத் திருப்பி வாங்குனா எனக்கு என்ன மருவாதி?" என்றார் பாண்டியராஜன். சொந்த மண்டபத்தில் சொந்த மகளுக்கு இடமில்லை, பாவம்! வீட்டு வாசலில் பந்தல் என்று முடிவானது.

வெங்கடரமணன் கூனிக் குறுகிப் போனார். "இடம் மாறுன சேதிய நானே சொல்லிட்டு வாரேன்" என்றார்.

"அண்ணே, ஒரு போர்டு எழுதி மண்டப வாசல்ல வச்சா எல்லாருக்கும் தெரிஞ்சுருமே" என்றாள் வித்யாஸ்ரீ.

"நேர்ல சொல்ற மாதிரி வருமா?"

பதினோரு நாள், சைக்கிளில், நானூறு வீடு. முகூர்த்தத்தன்று பந்தல் நிறைந்தது, மேளக்காரர் வந்தார், சொந்தபந்தம் ஒன்று பாக்கியில்லை. மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. குடும்பத்தோடு மண்டபத்தில், உசிலம்பட்டிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில், வாசலில் சந்தனம் கொடுப்பார் யாருமில்லை என்று முறைத்துக்கொண்டு நின்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன் நம்பர் மாறியபோது நீங்களும் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். சம்பந்தி வீட்டுக்குச் சொன்னீர்களா?