ரப்பர் பூட்ஸும் தலைவரின் தாயாரும்

மரக்காணம்,
10.11.2005

மரியே வாழ்க!

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி சாலமன் அவர்களுக்கும், அம்மா சகாயமேரி அவர்களுக்கும் அந்தோணிதாஸ் தலைகுனிந்து எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் நானும் லீமாவும் மகள் ஜெனிஷாவும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். தங்கள் முழங்கால் வலியும் மாப்பிள்ளை ஜெஸ்வினின் இருமலும் இந்த மழையில் அதிகமாகாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். கல்யாணம் இன்னும் நடக்காத நிலையில் "சம்பந்தி" என்று எழுதும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால்தான் அந்த ஒரு சொல்லை மட்டும் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறேன். தங்கள் கண்ணாடியில் கோளாறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குத் தங்களை நான்தான் வற்புறுத்தி அழைத்தேன். முன்வரிசையில் நாற்காலி போடச் சொன்னதும் நானே. எங்கள் கட்சியின் டெல்லி எம்.பி. வருகிறார், வரும் குளிர்காலக் கூட்டத்தொடரில் கட்சி எதை எதைப் பேசப்போகிறது என்று ஜனங்களுக்கு விளக்கப்போகிறார், அவர் இந்தியில் பேசுவதை நான் தமிழில் சொல்லப்போகிறேன் என்று தங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னபோது என் மார்பு எவ்வளவு விரிந்திருந்தது என்பதைத் தாங்கள் பார்த்தீர்கள். உண்மையில் மொழிபெயர்க்க வேண்டியவர் திண்டிவனத்து வக்கீல் ஒருவர். அவர் வரும் வழியில் ரோட்டின் மேல் தண்ணீர் ஓடியதால் வர முடியாது என்று முந்தின நாளே போன் வந்துவிட்டது. ஒன்றியச் செயலாளர் சடையப்பன் நேரே என் வீட்டுக்கு ஓடிவந்து, "சார், நீங்கதான் வடக்க ரயில்வேல இருந்தவராச்சே, காப்பாத்துங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் வடக்கே இருந்தது இட்டார்சி ஸ்டேஷனில், அதுவும் சொற்பக் காலம். அங்கே எனக்கு ஒட்டிக்கொண்ட இந்தி எல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லும் அறிவிப்புகள்தான். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து எனக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு என்று நானே சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே நம்பியிருந்தேன். லீமா மட்டும் நம்பவில்லை. "பேசாம தலைவலின்னு சொல்லிட்டு படுத்துக்கோங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றாள். அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

எம்.பி. தலைவர் மழையில் மாட்டிக்கொண்டு வெகு நேரம் கழித்து வந்து இறங்கினார் அல்லவா, அவரை வரவேற்க நாலு வார்த்தை இந்தியில் பேசுங்கள் என்று சடையப்பன் என்னை முன்னே தள்ளினார். எனக்கு வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: வண்டி மூன்று மணி நேரம் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது, பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். அதை அறிவிப்பாளர் குரலிலேயே சொன்னேன். தலைவர் முகம் சுருங்கிப் போய், கைகூப்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். "பாத்தியாப்பா, தலைவரையே கேள்வி கேட்டுட்டாரு நம்ம சாரு!" என்று சடையப்பன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னதும் என் மதிப்பு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது.

அப்புறம் மேடை. முதல் வரியில் "சன்ஸத்" என்றார். அது நாடாளுமன்றம் என்று எனக்குத் தெரியும், சொன்னேன், கைதட்டினார்கள். அதற்கப்புறம் அவர் பேசியதில் ஒரு எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒலிபெருக்கியில் என் மூச்சு மட்டும் கேட்டது. மண்டபத்துக்குள் ஒழுகுகிற இடம் விட்டு ஒழுகாத இடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள் உப்பளத்துப் பெண்கள். ஐப்பசி மழை இறங்கியதிலிருந்து பாத்தியெல்லாம் ஏரி மாதிரி கிடக்கிறது, தை பிறக்கிற வரைக்கும் அவர்களுக்கு ஒரு கூடை உப்பு வாரும் வேலைகூடக் கிடையாது. அந்தக் கூட்டத்திலிருந்து அம்சவள்ளி என்கிற பெண் எழுந்து, "ஏன் சார், அவரு இன்னாதான் சொல்றாரு? எங்களுக்கு எதுனா இருக்குதா?" என்று கேட்டாள். சம்பந்தி, சத்தியமாகச் சொல்கிறேன், நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உப்பளத் தொழிலாளிகளுக்கு மழைக்கால நிவாரணம்! நாடாளுமன்றத்தில் கட்சி எழுப்பப்போகும் முதல் கோரிக்கை!" என்று வெளியே வந்தது.

அந்தக் கைதட்டலைத் தாங்களும் கேட்டீர்கள். தலைவர் உற்சாகமாகி இன்னும் சத்தமாகப் பேசினார், நானும் சத்தமாகச் சொன்னேன். உப்புத் தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை என்றேன். பிள்ளைகளுக்குப் படிப்புப் பணம் என்றேன். அவர் ஏதோ நகைச்சுவை சொல்லிச் சிரித்தபோது நான் விதவைப் பென்ஷனில் இருந்தேன், நாலைந்து பேர் அழுதார்கள். அவர் திகைத்துப் போனார். பிறகு அவர் குரல் தணிந்து, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அப்போது புண்ணாகிப்போன கால்களுக்கெல்லாம் ரப்பர் பூட்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். விசில் பறந்தது. தாங்கள் முன்வரிசையில் முகத்தில் ஒரு நரம்பு அசையாமல் உட்கார்ந்திருந்தீர்கள். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பிரியாணிகூடச் சாப்பிடாமல் தாங்களும் அம்மாவும் கிளம்பியபோதும் மழைக்குப் பயந்து போகிறீர்கள் என்றே நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் லீமாதான் கேட்டாள்: "சம்பந்தி பதினஞ்சு வருஷம் ஏர்ஃபோர்ஸ்ல ஆக்ராவுலயும் கான்பூர்லயும் இருந்தவராச்சே, உங்க இந்தியப் பத்தி இன்னா சொன்னாரு?" எனக்குக் கால் நழுவியது போல் இருந்தது, ஈரத்தரையில் உண்மையாகவே நழுவிவிட்டது. இடது முழங்கையில் இப்போதும் வீக்கம் இருக்கிறது.

இத்தோடு போயிருந்தால் என் மானம் மட்டும்தான் போயிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை அம்சவள்ளி ஒரு தூக்குவாளியில் நண்டுக் குழம்போடு வந்து நின்றாள். அவள் புருஷன் சிங்காரம் ஒவ்வொரு மழைக்கும் பாலக்காட்டுப் பக்கம் கட்டட வேலைக்குப் போகிறவன். அன்று விடியற்காலை மேஸ்திரியின் வேன் வந்து ஆரன் அடித்ததாம். "நிவாரணம் வர்ற நேரத்துல ஊர்ல இல்லன்னா பேரு உட்டுப்போயிடும்னு நான்தான் சார் நிறுத்திட்டேன். எங்க தெருவுலயே யாரும் ஏறல, வேனு காலியாப் போச்சு" என்று சிரித்தாள். அந்தக் குழம்பை நான் தொடவில்லை. லீமாவும் தொடவில்லை. ஜெனிஷா விஷயம் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள்.

சடையப்பனிடம் ஓடினேன். "வெளிய மூச்சு விட்றாதீங்க சார், கட்சி மானம் போயிடும். போஸ்டர் வேற அச்சாயிட்டுது" என்றார். அவரையும் இழுத்துக்கொண்டு, தலைவர் தங்கியிருந்த புதுச்சேரி விடுதிக்குப் போனேன். வழியெல்லாம் இந்தியில் மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றைத் தயார் செய்து அறைக்குள் நுழைந்து சொன்னேன். நடைமேடை மாற்றப்பட்டுள்ளது என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது; அவர் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக இங்கிலீஷில், "உங்களுக்கு இங்கிலீஷ் வருமா?" என்று கேட்டார். சம்பந்தி, அவருக்கு நம் ஹெட்மாஸ்டர்கள் மாதிரி இங்கிலீஷ் வருகிறது! மரக்காணத்தில் இந்தி கரைகண்ட ஒருவர் இருக்கிறார், தாராளமாக இந்தியிலேயே பேசுங்கள் என்று சடையப்பன்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர், "நான் என் அம்மா செத்ததைச் சொன்னபோது ஏன் விசிலடித்தார்கள்?" என்றார். "அது பூட்ஸுக்கு ஐயா" என்றேன். அந்த நிமிஷம் தரை பிளந்திருந்தால் முழங்கை வீக்கத்தோடு அப்படியே இறங்கியிருப்பேன். "சரி, நான் வேறு என்னவெல்லாம் பேசினேன்? சொல்லுங்கள்" என்றார். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் உண்மையில் பேசியது பெண்கள் இட ஒதுக்கீட்டு மசோதா, நெசவாளர் கடன், மூன்றாவதாக ஒரு புதிய ரயில் பாதை. ரயில்வேயில் பென்ஷன் வாங்குகிற எனக்கு அதுகூடக் காதில் விழவில்லை. கடைசியில் அவர் சொன்னார்: "நிவாரணம் தருவது என் கையில் இல்லை. சபையில் எனக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ஒரு கேள்வி கேட்கிறேன். எதைக் கேட்பது என்று அவர்களிடமே போய்க் கேட்டு வாருங்கள். உண்மையையும் நீங்களே சொல்லுங்கள்."

சொன்னேன். மூடிக் கிடந்த உப்புக் கொட்டகையில் பெண்களைக் கூட்டி, நிவாரணம் என்று அவர் சொல்லவே இல்லை, எனக்கு இந்தியே தெரியாது என்று சொன்னேன். எல்லோரும் கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் கத்தவில்லை. அம்சவள்ளிதான் எழுந்தாள். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா சார்? நாங்க உங்கள அடிச்சிருப்பமா? எம் புருசன் வேன உட்டுட்டு வூட்ல குந்திங்கினு இருக்குறாரு" என்றாள். தலைவர் சபையில் ஒரே ஒரு கேள்வி கேட்பாராம், எது வேண்டும் என்று கேட்டேன். பூட்ஸ் என்றார்கள் சிலர், கண் என்றார்கள் சிலர், வெகு நேரம் சத்தம். முடிவில் அம்சவள்ளி, "மழ மாசத்துல நாங்க இன்னா துன்றது? அத மட்டும் கேக்கச் சொல்லுங்க. வேற எதுவும் சேக்காதீங்க, உங்க கைச்சரக்க" என்றாள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அதை அப்படியே, ஒரு சொல்லும் கூட்டாமல், தலைவருக்குச் சொன்னேன்.

சிங்காரம் நேற்று தனியாகப் பஸ்ஸில் கிளம்பினான். பிந்தி வருகிறவனுக்கு ஜல்லி சுமக்கிற வேலைதான் என்று மேஸ்திரி சொல்லிவிட்டாராம். பஸ் ஸ்டாண்டில் போய் அவன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. "உடுங்க சார், இன்னா பண்றது. இந்த மழையில ரெண்டு நாளு புள்ளைங்களோட இருந்தேன்" என்று பையை வாங்கிக்கொண்டு ஏறினான். அவன் திட்டியிருந்தால் நேற்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

ஆகவே, சம்பந்தி அவர்களே, கட்சியிலிருந்து விலகுவதாகச் சடையப்பனிடம் சொல்லிவிட்டேன். உயிருள்ளவரை எந்த மேடையிலும் ஏற மாட்டேன். பூசையில் வாசகம் படிக்கக்கூடக் கூப்பிட்டால் போவதில்லை. ஒரு பொய்யனின் வீட்டில் பெண் எடுக்கத் தங்களுக்கு மனம் ஒப்பாவிட்டால் வருத்தப்பட மாட்டேன். ஆனால் ஜெனிஷா தனக்கு இந்தி தெரியும் என்று ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை என்பதைத் தயவுசெய்து கணக்கில் எடுத்துக்கொள்ளவும். தங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் ஆண்டவரின் சமாதானம் உண்டாகட்டும். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், இன்னும் மாப்பிள்ளையாக இருந்தால்.

இப்படிக்கு,
வெட்கத்துடன்,
ம. அந்தோணிதாஸ்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் சடையப்பன் வந்தார். வரும் ஞாயிறு திண்டிவனத்தில் கூட்டமாம். கல்கத்தாவிலிருந்து ஒரு பெண் எம்.பி. வருகிறார், வங்காள மொழியில்தான் பேசுவாராம், "அந்த ரயில்வேக்காரரையே போடுங்கள், ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத்தான் தெரிகிறது" என்று டெல்லி தலைவரே சொன்னாராம். முடியவே முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வாசல் குழாயடியில் நின்றிருந்த அம்சவள்ளி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "போங்க சார். அந்தம்மா சொல்றத சொல்லுங்க, கடைசியில நம்ம மழ மாசத்தையும் ஒரு வார்த்த சேத்துடுங்க" என்றாள். வங்காளம் எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. ஒத்துக்கொண்டுவிட்டேன். லீமாவிடம் இன்னும் சொல்லவில்லை. தாங்கள் போனில் பேசினால் மழையைப் பற்றி மட்டும் விசாரிக்கவும்.