பேய் இல்லாத பதினெட்டாம் மாடி

பேயை அடியோடு ஒழித்த பெருமை உலகத்திலேயே எங்கள் சீனத்துக்குத்தான் உண்டு. ஒழித்தது மந்திரவாதி அல்ல, கமிட்டி. மாகாணத் திரைக்கதை ஆய்வுக் குழுவில் அடியேனும் ஓர் அங்கம். எங்கள் அறை ஐந்தாம் மாடியில் இருக்கிறது. மூன்றுக்கு அடுத்தது ஐந்து. சீன மொழியில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி; நான்கு என்றால் சாவு ஞாபகம் வருமாம். ஆகவே 'அறிவியல் மனப்பான்மை' ததும்பும் எங்கள் கட்டடத்தில் நான்காம் மாடியே கிடையாது.

சினிமாவில் பேய் தலைகாட்டினால் எங்களிடம் கைகண்ட மருந்து உண்டு. கடைசிக் காட்சியில் ஒரு டாக்டர் வந்து, எல்லாம் மனப்பிரமை என்று சொல்லிவிடுவார். போன வருடம் ஒரு படத்தில் ஊரே பேயைப் பார்த்துத் தொலைத்தது. கதையில் ஊருக்கே புத்தி மயக்கும் விஷக்காளான் சூப் கொடுத்துப் படத்தைக் காப்பாற்றினோம்.

இப்படியிருக்க, மியாவ் சியூயென் என்ற இளம் இயக்குநர் தன் முதல் திரைக்கதையோடு வந்து உட்கார்ந்தாள். பாதியில் நின்றுபோன அடுக்குமாடிக் கட்டடம். கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை. இருட்டுப் படிக்கட்டில் வெள்ளை உடுத்திய ஒரு கிழவி, வாளியோடு ஏறிக்கொண்டே இருக்கிறாள்.

தலைவர் கெங் தேநீர்க் குடுவையைத் திறந்து ஊதினார். "பேய் ஆகாதும்மா. டாக்டரைப் போட்டுடு."

"டாக்டர் எதுக்குத் தலைவரே? பேயையே எடுத்துடறேன். அது மனுஷியாவே இருக்கட்டும்."

"நல்லது. மனுஷி எதுக்கு இருட்டுல படி ஏறணும்?"

"வீடு பதினெட்டாவது மாடில. தண்ணி கீழ இருக்கு."

"கட்டி முடிக்காத வீட்டுல யாராச்சும் குடியிருப்பாங்களா?"

"கட்டடக்காரன் ஓடிட்டான். இருந்ததையெல்லாம் அதுல போட்டாச்சு, வேற எங்க போறது? அது எங்கம்மாதான் தலைவரே. அவங்களப் பாத்துத்தான் எழுதினேன். இந்தப் படம் வந்தா யாராச்சும் வந்து குழாய் போடுவாங்கன்னு நம்பிட்டு இருக்காங்க."

குழுவினர் சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம் நின்றது. எத்தனையோ பேய்ப்படங்களைக் கொட்டாவி விட்டபடி பார்த்த குழு இது. அன்று தலைவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. அந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய மேலதிகாரி யார் என்பது அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"பயமா இருக்குய்யா" என்று தலைவர் என் காதில் முணுமுணுத்தார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது: 'மனுஷி என்பது பொதுமக்களிடையே வீண் அச்சத்தை விளைவிக்கும். ஆகவே மேற்படி மூதாட்டி, பேயாகவே நீடிக்க அனுமதிக்கப்படுகிறார்.'

"பேயே இல்லேன்னீங்களே?" என்றாள் சியூயென்.

"இல்லதாம்மா. இல்லாததைக் காட்டினா யாரு கோவிச்சுக்கப் போறா?"

"அப்ப எங்கம்மாவுக்குத் தண்ணி?"

"அதான் கடைசில டாக்டர் வந்து, அங்க அப்படி ஒருத்தரே இல்லேன்னு சொல்லிடுவாரே. இல்லாதவங்களுக்கு எதுக்கும்மா குழாய்?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் தீர்மானத்தில் என் கையெழுத்து அழகாகவே விழுந்தது.

எங்கள் நாட்டில் பேய் கிடையாது என்பது சத்தியம். தேவைப்பட்டால் உயிரோடு இருப்பவர்களைப் பிடித்துத்தான் பேய் செய்தாக வேண்டும். அதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.