மூன்று புழு குறைவு

மூன்றாம் முறை எண்ணியும் மண்புழு பதினெட்டுதான். சாக்கின்மேல் பரப்பிய மண்ணை, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் விரலால் அளைந்து பார்த்தார் புழுக்காரர். பத்தொன்பதாவது அகப்படவில்லை.

ராட்சத மண்வாரியின் மேலேறி அமர்ந்து, இருபது ஆண்டுகள் இந்நிலத்தின் வயிற்றைக் கிழித்து நிலக்கரி எடுத்தவர் அவர். சுரங்கம் மூடியபின் மற்ற ஓட்டுநர்கள் வேறு வேலை தேடிப் போக, இவர் மட்டும் மண்வெட்டியோடு கீழே இறங்கினார். சாம்பல் பூத்த மேட்டில் சருகு பரப்பி, மரம் நட்டு, பூரானும் மரவட்டையும் மண்புழுவும் ஒவ்வொன்றாய்க் குடியேறக் கண்டு ஒன்பது ஆண்டுகள் ஆயின. புழுக்காரர் என்பது ஊரார் கேலிக்கு வைத்த பெயர். அவரோ அதை அரசன் அளித்த பட்டம்போல் சூடிக்கொண்டார்.

இன்று தீர்ப்பு நாள். பக்கத்தில் சுரங்கம் தொடாத காட்டில் எத்தனை புழு உண்டோ, அதில் பாதியாவது இங்கே இருந்தால் நிலம் பன்னிரண்டு குடும்பங்களுக்குப் பயிரிடக் கிடைக்கும். இல்லையேல் கம்பெனி சிமென்ட் தளம் போட்டுக் கிடங்கு கட்டும்.

காலையிலேயே மண் ஆய்வாளர் அம்மையார் தொலைபேசியில் சொல்லிவிட்டார். "காட்டுல தோண்டிட்டேன். குழிக்கு நாப்பத்திரண்டு. உங்க பக்கம் இருபத்தொண்ணு இருந்தாப் போதும். மதியம் வரேன். அங்க நான் அடையாளக் கொடி நட்ட இடத்தை யாரும் தொடக்கூடாது."

தொடக்கூடாது என்பது விதி. பெற்ற மனம் விதியைக் கேட்குமா? தோண்டிவிட்டார்.

மதியச் சாப்பாட்டோடு சைக்கிளில் வந்து இறங்கினாள் மனைவி. "என்னங்க, கேள்வித்தாளை முன்னாடியே பிரிச்சுப் பாத்துட்டீங்களா?"

"மூணு குறையுது."

"மூணுக்கா இப்படி முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"ஆழத்துல இருக்கும். கடுகுத்தூள் கரைச்சு ஊத்தினா எரிச்சல் தாங்காம மேல வந்துடும். ஆய்வாளருங்களே செய்யற வேலைதான் இது." புழுக்களைக் குழியிலிட்டு மண்ணை மூடி, கடுகு கரைத்த வாளியைக் கவிழ்த்தார்.

"எவ்வளவு போட்டீங்க?"

"டப்பா முழுக்க."

"அவங்க ஒரு கரண்டி போடுவாங்க."

சற்று நேரத்தில் மண் நெளிந்தது. தரிசனத்துக்கு முந்தும் அடியார் கூட்டம்போல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு புழுக்கள் எழுந்து வந்தன. இருபத்தாறு எண்ணினார். கண் பனித்தது. "பாத்தியா, என் பிள்ளைங்களை."

பிள்ளைகளை மைனாக்களும் பார்த்துவிட்டன. பந்தியில் இடம் பிடிப்பவர்களைப் போல் முப்பது மைனாக்கள் வந்து இறங்கின. புழுக்காரர் தகரத்தைத் தட்டினார். அவை தலையைச் சாய்த்துக் கேட்டன. இரு கைகளையும் விரித்துக்கொண்டு குழிமேலேயே குதித்தார்.

"நசுக்காதீங்க," என்றாள் மனைவி. "மைனாவாவது தின்னுட்டுப் போகுது."

எண்ணிப் பார்த்தபோது ஏழு.

அவர் மெல்ல மனைவியை ஏறிட்டார். "வீட்டுல உன் எருத்தொட்டி..."

"அதைத் தொட்டீங்கன்னா நான் பொல்லாதவளாயிடுவேன். பேர் வைக்காத குறையா வளக்கறேன்."

"பன்னிரண்டு குடும்பம்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயினும் சைக்கிளை எடுத்தாள். கால் மணியில் ஒரு தூக்குவாளி வந்தது. முப்பத்தைந்து செம்புழுக்கள் குழி புகுந்தன.

ஆய்வாளர் அம்மையார் வந்தார். குழியருகே மண்டியிட்டு, உருப்பெருக்கியால் நெடுநேரம் பார்த்தார்.

"மண்புழு ஏழு. மத்ததெல்லாம் எருப்புழு. காய்கறித் தோலைத் தின்னு தொட்டியில வாழற ஜாதி. இங்க எப்படி நடந்து வந்துச்சு?"

"சைக்கிள்ல வந்துச்சுங்க," என்றாள் மனைவி.

புழுக்காரர் தலைகுனிந்தார். பின்பு, சுமை இறக்கியவர்போல் நிமிர்ந்தார். முதலில் எண்ணிய பதினெட்டு, கடுகு, மைனா, குதித்தது, தூக்குவாளி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் ஒப்புவித்தார்.

"டப்பாக் கடுகு சுத்துப்பக்கத்துப் புழுவையும் இழுத்துடும், அந்த இருபத்தாறு கணக்குல சேராது. தொடாம இருந்திருந்தாலும் பதினெட்டுதானே? போதாதே," என்றார் அம்மையார். குரலில் கடுமை குறைந்திருந்தது.

"போதாதுதாம்மா. ஆனா நான் இறங்கின அன்னிக்கு இந்த மண்ணுல எறும்புகூட இல்லை. அந்தப் பதினெட்டையும் நான் கொண்டுவந்து போடலை. இந்த மண்ணு சம்மதிச்சுது, தானா வந்துச்சு. என் பேருக்கு நேரா என்ன வேணாலும் எழுதுங்க. மண்ணு பேருக்கு நேரா அதை எழுதுங்க."

மனைவி வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்று, அவர் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டாள். அம்மையார் எழுதுகோலைத் திறந்தார். எழுத மனம் வராமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியருகே கைப்பேசியில் வரைபடத்தை நீட்டியும் சுருக்கியும் பார்த்துக்கொண்டிருந்த அம்மையாரின் ஓட்டுநர், பின்கழுத்தைச் சொறிந்தபடி வந்து நின்றார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. சுரங்கம் தொடாத காடு ஓடைக்கு அந்தப் பக்கந்தான் ஆரம்பிக்குதாம்; மரங்களோட அடர்த்தியைப் பாத்துக் காடுன்னு ஏமாந்து நான்தான் வண்டியை இந்தப் பக்கமே நிறுத்திட்டேன். காலையில நாம நாப்பத்திரண்டு எண்ணினது இவர் நிலத்துலதான்."