கொட்டாவி விடும் குருவி

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் கடையில் அந்தக் குருவி வெடிப் பாக்கெட்டைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஒரு குருவிக்காக முதலாளியிடம் மல்லுக்கு நின்ற மனுசன் உலகத்திலேயே எங்கள் கீச்சு அண்ணாச்சி ஒருவர்தான். சிவகாசியில் நானும் மாரியும் பேப்பர் அடுக்கிய அச்சாபீசில் அவர் லேபிள் ஓவியர். குருவி வெடி லேபிளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "வாயத் தெறந்திருக்கு, சத்தத்தக் காணோம். கொட்டாவியா விடுது, ஏலே?" என்று என்னிடம் பாய்வார், ஏதோ நான் வரைந்த மாதிரி.

சத்தத்தையே வரைவதென்று கிளம்பினார். ஆனைக்குட்டம் அணைப் பக்கம் போய், கொண்டைக்குருவியின் குரலை டேப்ரிக்கார்டரில் பிடித்து வந்தார். அடி நீக்கிய மை டப்பாவின் மேல்வாயில் பலூனை இழுத்துக் கட்டி, ஸ்பீக்கர் மேல் வைத்து, லேபிளை மினுக்கும் தங்கப் பொடியைத் தூவினார். டேப் ஓடியதும் பொடி துள்ளி, வளையம் வளையமாக உட்கார்ந்தது. மிச்சப் பொடி என் தலையில். அந்த வாரம் முழுக்க நான் உற்சவமூர்த்தி.

குருவியின் வாயிலிருந்து அந்த வளையங்கள் விரிவதாக வரைந்தார். முதலாளி அதை மத்தாப்பு என்று நினைத்துச் சரி சொல்லிவிட்டார். மெஷின் ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் மலையிலிருந்து தேன் கொண்டுவரும் பளியர் பழங்குடிக்காரர் பொன்னன் வந்தார். அண்ணாச்சி பெருமையாக டேப்பைப் போட்டார். பொன்னன் சட்டென்று மேலே பார்த்தார். பருந்தைக் கண்டு பயந்து கத்துவது இது, எங்கள் பிள்ளைகளும் இதைக் கேட்டால் வானத்தைத்தான் பார்க்கும் என்றார். ஜோடியைக் கூப்பிடும் குரல் வேறு என்று, டப்பாவுக்கு அடியில் வாயை வைத்துக் குரல் கொடுத்தார். பொடி பூ மாதிரி உட்கார்ந்தது.

அண்ணாச்சி ஓடிப்போய் மெஷினை நிறுத்தினார். தீபாவளி சீசன், வாசலில் லோடு ஏற்ற லாரி. வெடி வருது ஓடுங்கன்னு சொல்ற குருவி பொருத்தம்தானே என்றேன். முறைத்த முறைப்பில் நானே வெடித்திருப்பேன்.

முதலாளி வந்தார். "யாருக்குய்யா இது தெரியப் போவுது?"

"குருவிக்குத் தெரியும் மொதலாளி. பயந்து கத்துனத வெடியில ஒட்டி விக்கக்கூடாது. இந்தப் பூவப் போட்டுத் தாரேன், ஒரு நாள் குடுங்க."

கொடுக்கவில்லை. வளையத்தையே எடுத்துவிட்டு வெறும் குருவியை அடிக்கச் சொன்னார். அண்ணாச்சி டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார். அவர் கத்திய கத்தல் லாரி ஹாரனையும் மீறிக் கேட்டது. பிறகு வரவேயில்லை.

குருவி இன்னும் கொட்டாவிதான் விடுகிறது. ஊரே அதை வாங்கி வெடிக்கிறது, ஒருத்தருக்கும் கோபம் வரவில்லை.

எழுதியதை மாரிக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"அண்ணாச்சி கத்திக்கிட்டே போனாரே, அதுக்குப் பொடி தூவியிருந்தா எப்பிடிலே உக்காந்திருக்கும்?"