சுவரில் தொங்கும் ஏழு ஐயாவுகள்

பெல்மதுளை,
நவம்பர் 23.

அன்புள்ள தம்பி சுரேந்திரனுக்கு,

அக்கா விஜயகலா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மழைதான் ஓயவில்லை. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகள் இருவரும் கனடாக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். போனில் பேசாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம், நீ அழைத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். இது அவர் கேட்கக் கூடாத விஷயம்.

நீ றிஸ்மியின் ஸ்டூடியோவுக்கு அனுப்பிய ஏழு படங்களும் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, பொன்னிறச் சட்டத்தோடு வந்து சேர்ந்தன. வாங்கப் போனபோது றிஸ்மி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "டீச்சர், இவங்க எல்லாம் ஒங்கட ஆக்களா? ஒத்தர்ட முகம் மத்தவர்ட முகத்தோட சேருதில்லயே" என்றார். பெயர் சேருகிறது என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

ஐயாவு என்ற பெயரை இணையத்தில் போட்டுத் தேடினாய், பழைய படங்கள் வந்து விழுந்தன, எல்லாரும் நம் பரம்பரை என்று முடிவு கட்டிவிட்டாய். பினாங்கில் தலைப்பாகை கட்டிய பொலிஸ்காரர். ரங்கூனில் தட்டுச் சுழற்றும் வித்தைக்காரர். வேதப்புத்தகத்தோடு ஒரு பாதிரியார். மொரீசியஸில் மடியில் நாய்க்குட்டியோடு ஓர் அம்மையார். கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கங்காணி. நேட்டாலில் கரும்பு வெட்டும் ஐந்து பேர், அதில் யார் ஐயாவு என்று தெரியாததால் நீயே ஒருவருக்குச் சிவப்பு அம்புக்குறி போட்டிருக்கிறாய். ஐந்து பேரில் அவர் ஒருவர்தான் சட்டை போட்டிருக்கிறார். அதுதான் உன் ஆராய்ச்சி முறை என்று விளங்கிக்கொண்டேன். ஏழாமவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தம்பி, நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. உன் பெயருக்குப் பின்னால் நிற்பது அப்பாவின் பெயர். அப்பாவின் பெயருக்குப் பின்னால் நின்றது அவருடைய அப்பா மாரிமுத்துவின் பெயர். கனடாக்காரர்கள் படிவத்தில் ஒரு கட்டம் விட்டார்கள், நீ அதில் ஐயாவு என்று எழுதினாய், இப்போது உன் பிள்ளைகளும் ஐயாவு. ஆக, ஐயாவு வம்சம் 1946இல் அப்பாவோடு தொடங்குகிறது. நீயோ அவருக்கு அவருடைய சொந்தப் பெயரையே பாட்டன் பூட்டனாக்கி ஏழு பேரை அனுப்பியிருக்கிறாய். இதைச் சொல்லப் பட்டப்படிப்பு வேண்டியதில்லை, நம் தோட்டத்து லயத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அவர்களும் சொல்லவில்லை. படங்களை மாட்டிய அன்றே மேல் டிவிசனில் இருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். நம் ஊரில் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற படம் செத்தவர்களுடையது, செத்தவர்களுக்குத் திருநீறும் பொட்டும் வைக்க வேண்டும். நான் பாடசாலை விட்டு வருவதற்குள் பொலிஸ்காரருக்குப் பட்டை போட்டாயிற்று, வேதப்புத்தகம் வைத்திருந்த பாதிரியாருக்கும் போட்டாயிற்று, அம்மையாருக்குக் குங்குமம் வைத்த கையோடு நாய்க்குட்டிக்கும் ஒரு பொட்டு. பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஒரு தட்டில் பூக் கொண்டுவந்து, பிக்குகளுக்குத் தானம் கொடுப்பது எத்தனையாவது நாள் என்று என்னிடம் துக்கம் விசாரித்தார். என்ன சொல்வது? கனடாவில் தம்பிக்கு லீவு கிடைத்தது, அதனால் ஏழு பேர் இறந்துபோனார்கள் என்றா சொல்வது?

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. ஏழாவது படம் அப்படியில்லை. மார்புக்கு நேரே 214 என்று பலகை பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவரை அரசாங்க உத்தியோகத்தர் என்று எழுதியிருக்கிறாய். உன் போன் திரையில் தெரியாத ஒரு வெள்ளை வரி, றிஸ்மி பெரிதாக்கியதில் அடியில் இங்கிலீஷில் தெளிவாகத் தெரிகிறது. ஐயாவு, வயது முப்பது, இரண்டு ஆடு திருடியதற்கு ஒன்பது மாதம். 1931. மலாயாவில் ஏதோ ஒரு சிறை.

அப்பா அந்தப் படத்தின் முன்னால்தான் நாற்காலியைப் போட்டிருக்கிறார். முதல் நாள் ஏழு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்.

"இது எங்கப்பாதாம்மா. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு. காது ரெண்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும்னு எங்கம்மா சொல்லும்."

இல்லையப்பா, இது வேறு யாரோ என்றேன்.

"நம்பர் போட்டிருக்கு பாரு. இருநூத்திப் பதினாலு. செக்ரோல்ல பேர் உள்ள ஆளு. சும்மா வந்து போற ஆளுக்கு நம்பர் குடுப்பாங்களா?"

அப்பாவும் நாற்பது வருஷம் தோட்டத்து வரவுப் பதிவேட்டில் ஒரு நம்பராக இருந்த மனிதர். அவருக்கு நாலு வயதாக இருக்கும்போது மாரிமுத்துத் தாத்தா மண்சரிவில் போனார். முகம் ஞாபகமில்லை, படமும் இல்லை. எழுபத்தொன்பது வயதில் அப்பாவுக்கு ஓர் அப்பா கிடைத்திருக்கிறார். அவர் ஆட்டுத் திருடன். இப்போது அப்பா காலையில் அவருக்கு வெறும் தேத்தண்ணி வைத்துவிட்டுத்தான் தான் குடிக்கிறார். பொங்கலுக்கு நீ வரும்போது மூன்று டிவிசன் ஆட்களையும் கூப்பிட்டு அவர் முன்னால் படையல் போடப் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

ஆகவே, இது கைக்குக் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது நீயே சொல்லிவிடு. இந்த ஏழு பேரும் நமக்கு யாருமில்லை, நான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று உன் வாயால் சொல். யாராவது அந்த வரியை வாசித்து, ஊர் சிரித்த பிறகு அவருக்குத் தெரியவருவதைவிட அது நல்லது. மாட்ட வைத்தவன் நீ, கழற்ற வைக்க வேண்டியவனும் நீ. ஆசிரியராக இருபத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதவள் நான், உனக்காக இனிமேல் பழகிக்கொள்ள மாட்டேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், அவர்களாவது தேடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா,
ஐ. விஜயகலா.

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போடும்போது அப்பா கூப்பிட்டார். அடியில் வெள்ளையாக என்னமோ எழுதியிருக்கிறது, இங்கிலீஷ் டீச்சர்தானே நீ, வாசித்துச் சொல் என்றார். வாசித்தேன். "மாரிமுத்து. நல்ல வேலையாள்." இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். இரண்டாம் தரம், "ஒரு நாளும் வேலைக்கு வராமல் இருந்ததில்லை" என்றும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை நீ வாயைத் திறக்காதே. மேலே எழுதியவற்றில் உன்னைத் திட்டியதை மட்டும் வைத்துக்கொள், மிச்சத்தைக் கிழித்துப்போடு. பொங்கலுக்கு வரும்போது பிள்ளைகளை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் விடாதே. அவர்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும்.