கழற்றிப் போட்ட ஷாஃப்டும் கண்ணாடிக்காரரும்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா கண்ணாடிக்காரர் காதில் விழுந்து தொலைக்கும். மனுஷன் இன்னும் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் திரியறார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கிறவர். ஊருக்கெல்லாம் பார்வை கொடுப்பார். வீட்டுக்காரி மனசில் என்ன ஓடுதுன்னு மட்டும் அவருக்குத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகணும். வாக்குக் கொடுத்தது இவரில்லை, வீட்டுக்காரி. வாரத்துக்கு ஒரே நாள் லீவு, அதையும் கொண்டுபோய் மச்சான் சுவரில் பூசணுமான்னு இவருக்கு வயிறு எரிஞ்சுது.

அப்பத்தான் கார் கைகொடுத்தது. நாலு சக்கரமும் இழுக்கிற கார். பின் சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகிற டிரைவ் ஷாஃப்ட், அதான் வண்டிக்கு அடியில் ஓடுற நீளக் குழாய், தேஞ்சு போய்க் கடகடன்னு ஆடிக்கிட்டிருந்தது. புதுசுக்குச் சொல்லியாச்சு, திங்கட்கிழமைதான் வரும். பழசை அன்னைக்கே கழற்றினாப் போதும். நம்மாள் சனிக்கிழமையே காரைத் தூக்கி முட்டுக் கொடுத்து, அடியில் படுத்து, போல்ட்டோட மல்லுக்கட்டி ஷாஃப்டை உருவி எடுத்துட்டார். மூஞ்சியெல்லாம் கிரீஸ். அதுக்கு நடுவில் பல் மட்டும் வெள்ளையாச் சிரிச்சுது.

"ஏங்க, நாளைக்கு அண்ணன் வீட்டுக்குப் போகணுமே. இப்பவா இதைக் கழட்டுவீங்க?"

"உசிரு முக்கியமா, சுவரு முக்கியமா?"

"அப்ப வண்டி ஓடவே ஓடாதா?"

"முதுகெலும்பை உருவிட்டா ஆளு நடப்பானா? நீயே சொல்லு."

வீட்டுக்காரி ஷாஃப்டைக் காலால் லேசாத் தட்டிப் பார்த்தாள். "அதுவும் சரிதான்"னு உள்ளே போயிட்டாள்.

ஞாயிறு காலை. இவர் சோபாவில் காலை நீட்டினார்.

"ஏங்க, காரு அந்தரத்துல நிக்குது. பக்கத்து வீட்டுப் பூனை வேற அடியில படுத்துக் கிடக்கு. இறக்கிடுங்களேன்."

சந்தோஷத்தில் இருக்கிறவனுக்கு எதுவும் பாரமில்லை. இறக்கினார்.

"இந்தப் பெயின்ட் டப்பா நாத்தம் தாங்கலை. டிக்கியில வெச்சிடுங்க."

வெச்சார்.

"ஏணி நடக்கிற வழியில இடிக்குது."

சீட்டியடிச்சுக்கிட்டே வண்டி மேல ஏத்திக் கட்டினார்.

"நல்ல சட்டை அழுக்காகுது பாருங்க, பழசைப் போட்டுக்கங்க."

போட்டுக்கிட்டார்.

"அண்ணன் வருத்தப்படுவாரு. ஒரு வார்த்தை பேசிடுங்க."

போனை வாங்கினார். "மச்சான், எனக்குக் கொள்ளை ஆசை! வண்டி மட்டும் ஓடட்டும், உங்க வீட்டுச் சீலிங்கையே தனியாளா அடிச்சுத் தரேன்!" குரல் தழுதழுத்துது. அவர் சொன்னதை அவரே அரைவாசி நம்பிட்டார்.

"ஏங்க, முன் சீட்டுக்கு அடியில என் கம்மல் விழுந்து கிடக்கு. கொஞ்சம் பாருங்களேன்."

ஏறிக் குனிஞ்சு தேடினார். தேடிக்கிட்டே இருந்தார். திடீர்னு என்ஜின் உறுமுச்சு. தலையைத் தூக்கினா, பக்கத்து சீட்டில் வீட்டுக்காரி. கையில் ஸ்டியரிங். கேட்டைத் தாண்டிக் கார் தெருவில் இறங்கிக்கிட்டிருந்தது.

"ஏய்! ஏய்! ஷாஃப்ட் வெளிய கிடக்குடி!"

"கிடக்கட்டும். அது பின் சக்கரத்துக்குத்தானே? முன் சக்கரத்துக்கு என்ன கேடு? மெக்கானிக்கிட்ட நேத்தே கேட்டுட்டேன். இந்த வண்டி முன்னாலயே இழுத்துக்கிட்டுப் போகுமாம். மெதுவா ஓட்டச் சொன்னாரு."

"அப்ப... கம்மலு?"

அவள் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாள். ரெண்டு காதிலும் ரெண்டு கம்மல் ஜம்முன்னு ஆடிச்சு.

தெருமுனையில் வண்டி நின்னா இறங்கி ஓடிடலாம்னு கண்ணாடிக்காரர் கை மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தது. வீட்டுக்காரி ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமலே ஒரு பொத்தானை அழுத்தினாள். நாலு கதவும் ஒண்ணாப் பூட்டிக்கிச்சு.