கிளிப் அக்காவின் கயிறு

அழுக்கைப் பற்றி எங்கள் கிளிப் அக்கா அளவுக்கு யோசித்த மனுஷி பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை வேறு யாரும் கிடையாது. அதற்கு அப்பாலும் இருக்க மாட்டாள். நமக்கெல்லாம் ஒரு துணி அழுக்கு, இல்லையென்றால் சுத்தம். பேச்சு முடிந்தது. அவளுக்கு அப்படி முடியாது. உடுத்திக் கழற்றிய சுடிதார் ஒன்றைக் கையில் எடுத்தாள் என்றால், முன்சீப் கோர்ட்டில் வரப்புத் தகராறு விசாரிப்பதைப் போல விசாரிப்பாள். தீர்ப்பு வரும்வரை எங்கள் ஹாஸ்டல் அறையில் நான் ஃபேன் போடக் கூடாது. காற்றில் வாசனை கலைந்துவிடுமாம்.

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஹாஸ்டலில் அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் கிளிப் அக்காதான். தேடி வருகிறவர்கள் நிஜப் பெயரைச் சொல்லிக் கேட்டால், "அப்படி ஆரும் இங்க இல்ல" என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார்.

அதியன்னூர் பக்கம் பழைய மிஷன் சபை ஒன்றுக்குச் சொந்தமான பெண்கள் ஹாஸ்டல் அது. நான் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுண்டரில் இருக்கிறேன். ஷிஃப்ட் விடிந்ததும் தொடங்கிவிடும். குன்னத்துகாலில் என் வீட்டுப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்தால் அதற்குள் நூறு பேர் கவுண்டர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் ஹாஸ்டல். நாள் முழுக்க ஊரார் ஏச்சு கேட்டுவிட்டு அறைக்கு வருகிறவளிடம் பொறுமை மிச்சம் இருக்காது. எனக்குச் சுற்றி வளைத்துப் பேசவும் வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த அக்காவோடு நான் சண்டை போடாத நாளே கிடையாது.

சண்டைக்குக் காரணம் ஒரு நைலான் கயிறு. அறையில் இரண்டு கட்டில், ஒரு அலமாரி. ஜன்னல் கம்பியில் தொடங்கிக் கதவுக்கு மேலே உள்ள ஆணி வரைக்கும் அந்தக் கயிறு போகும். என் கட்டிலுக்கு நேர் மேலே. நான் தூங்கிக் கண் விழித்தால் முகத்தில் ஒரு ஷால் கிடக்கும்.

அக்காவுக்கு வேலை டிரைவிங் ஸ்கூலில். அந்த வட்டாரத்துப் பெண்கள் பாதிப் பேருக்குக் கார் ஓட்டப் படிப்பித்தது அவள்தான். இடது பக்க சீட்டில், இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். ஸ்டியரிங் பிடித்திருக்கிறவள் பயத்தில் வியர்ப்பாள், அக்கா வெயிலில் வியர்ப்பாள். வெயில் ஜன்னல் வழியாக இடது தோளில் மட்டும் விழும். "எனக்க சுடிதாருக்கு இடத்த பக்கம் மட்டுந்தான் வயசாவுது" என்பாள். ஷாலை ஒரு நாள் இப்படி, மறுநாள் அப்படி என்று திருப்பிப் போடுவாள்.

சாயங்காலம் வந்ததும் விசாரணை. கழற்றிய துணியை உதறுவாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். கழுத்து, கக்கம், முதுகு என்று மோந்து பார்ப்பாள். பிறகு கண்ணை மூடி நிற்பாள். அதன் பிறகுதான் கிளிப். பச்சைக் கிளிப் என்றால் இன்னும் இரண்டு தடவை உடுத்தலாம். மஞ்சள் என்றால் ஒரு தடவை. சிவப்பு என்றால் முடிந்தது, வாளிக்குப் போகலாம். சிவப்பு மாட்டும்போது அவள் முகத்தைப் பார்க்கணும். வேண்டப்பட்டவள் லைசென்ஸ் டெஸ்டில் தோற்றுப்போனது மாதிரி இருக்கும்.

துக்க வீட்டுக்கு உடுத்திப் போன துணிக்கு மட்டும் கிளிப்பே கிடையாது. நேராகத் தண்ணீர்தான். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஒரு நாள் பாடம் நடக்கும்போது எதிரே சவ ஊர்வலம் வந்திருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி நின்றிருக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் அந்தச் சுடிதாரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு!

"இது துக்கத்துக்குப் போனதில சேருமா மக்கா?"

"நீங்க இறங்குனியளா?"

"இல்ல."

"பின்ன என்ன?"

"ஆனா துக்கப்பட்டேன்."

"கண்ணாடி ஏத்தி இருந்துச்சா?"

"ஏத்தி இருந்துச்சு. மழை உண்டு."

"அப்போ சேராது."

"நீ செல்லினதாக்கும், கேட்டியா. நாளைக்கு ஆராவது கேட்டா உனக்க பேரச் செல்லுவேன்." மஞ்சள் கிளிப் எடுத்து மாட்டினாள். யார் வந்து கேட்பார்கள் என்று நான் கேட்கவில்லை.

என் சட்டம் வேறு. ஒரு தடவை உடுத்தினால் வாளி. ஒரு நாள் நான் வாளியில் போட்ட சுடிதார், குளித்துவிட்டு வந்து பார்த்தால் கயிற்றில் பச்சைக் கிளிப்போடு தொங்குகிறது.

"எனக்க துணிய ஆரு எடுத்தது?"

"நான்தான். ஏசியில இருந்து பில்லு போட்ட துணியாக்கும் இது. வேர்வையே இல்ல. மோந்து பாரு."

"எனக்கு மோக்க வேண்டாம்."

"ஒரு குத்தமும் செய்யாத்த துணிய வாளி வெள்ளத்தில முக்குதது பாவமாக்கும் மக்கா. துணியும் பாவம், வெள்ளமும் பாவம்."

அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். சரியாகச் சொல்கிறவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்காது. துணியை உருவி மறுபடியும் வாளியில் போட்டேன். அவள் வாளிப் பக்கம் திரும்பி "ச்சே" என்றாள், ஏதோ நாய்க்குட்டியைக் கிணற்றில் போட்ட மாதிரி.

மேட்ரன் அம்மாவின் சட்டம் எங்கள் இரண்டு பேரின் சட்டத்துக்கும் மேலே. ஹாஸ்டலில் துணிக்கு மூன்றே இடம்: உடம்பு, வாளி, அலமாரி. உடுத்த துணி அலமாரிக்குள் போகக் கூடாது, பூச்சி வரும். அறைக்குள் கயிறு கட்டக் கூடாது. "நாலாவது இடம் சாத்தானுக்கு உள்ளதாக்கும்" என்று ஜெபக் கூட்டத்தில் பொதுவாகச் சொல்வதைப் போல எங்கள் அறையைப் பார்த்துச் சொல்வார்கள். அக்கா தலையாட்டுவாள். கயிறு அப்படியே கிடக்கும்.

அப்புறம் ஒரு நாள் மேட்ரன் அம்மா நேராக அறைக்கே வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக் கமிட்டிக்காரர்கள் ஹாஸ்டலைப் பார்க்க வருகிறார்கள். கயிறு அவர்கள் கண்ணில் படக் கூடாது. பட்டால் அக்கா கட்டிலைக் காலி செய்யணும். சத்தமில்லாமல் சொன்னார்கள். சத்தமில்லாமல் சொன்னால் அது நடக்கும் என்று அர்த்தம்.

அன்றைக்குச் சாப்பிடும்போது நான் கேட்டேன். "கயித்ததானே எடுக்கச் செல்லுதாவ? எடுத்துட்டு இரிங்க. கட்டில் போச்சுன்னா எங்க போவிய?"

"கள்ளிக்காட்டுக்கு. அண்ணன் வீட்டுக்கு."

"அங்கேருந்து காலத்த ஆறு மணி கிளாஸுக்கு எப்பிடி வருவிய? அந்நேரம் பஸ் உண்டா?"

"இல்ல. காலத்த கிளாஸ் போவும்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை. "அண்ணி நல்லவளாக்கும். ஒரு வாக்கு மோசமா செல்லினதில்ல. சோறு உண்டு, கட்டில் உண்டு. ஆனா களட்டுன துணிய மடக்கி எனக்க பைக்குள்ளதான் வைக்கணும். ஒரு ஆணி எனக்குன்னு இல்ல. விருந்துக்கு வந்தவதானே மக்கா உடுத்த துணிய பைக்குள்ள வைப்பா."

"சோறு ஆறுது, தின்னுங்க" என்றேன்.

மற்ற யாராக இருந்தாலும் எல்லாவற்றையும் அள்ளித் துவைத்துப்போட்டிருப்பார்கள். அக்காவுக்கு மனசு வரவில்லை. அலமாரியிலும் வைக்க மாட்டாள். கிளிப் போட்ட துணி பட்டால் மற்றத் துணிக்கெல்லாம் மணம் பிடிக்கும் என்பது அவள் சட்டம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்து பார்க்கும்போது கயிறும் இல்லை, துணியும் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே, ரோட்டோரம் பலா மரத்தடியில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. பின் சீட்டில் ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிக்குக் கயிறு. அதில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கிளிப்புகளோடு மொத்தச் சுடிதார்களும். காற்றோட்டம் வேணுமென்று நான்கு கதவையும் திறந்துவைத்து, பக்கத்தில் காவல் நின்றாள்.

எங்கள் ரோட்டோரங்களைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். காருக்குள் கயிறு கட்டி நைட்டியும் சுடிதாரும் தொங்கவிட்டு விற்கிறவர்கள் வளைவுக்கு ஒருவர் நிற்பார்கள். பெண்கள் வண்டியை நிறுத்தி, வேண்டியதை இழுத்துப் பார்த்து, பேரம் பேசி வாங்கிப் போவார்கள்.

கமிட்டி வந்தது. எங்கள் அறையைப் பார்த்தார்கள். வெறும் ஆணியைப் பார்த்து மேட்ரன் அம்மா என்னிடம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்து, வழியனுப்பக் கேட்டுக்கு வந்தோம்.

கமிட்டிக்காரர் ஒருவரின் மனைவி உள்ளேயே வரவில்லை. பட்டுச் சேலையோடு காரின் பின் கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்து, நீலச் சுடிதார் ஒன்றைத் தோளில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு என்ன வெல?"

"விக்கதுக்கு உள்ளதில்லம்மா" என்றாள் அக்கா.

"பின்ன எதுக்குத் தொங்கப் போட்டிருக்கு? செரி, கொறச்சுச் செல்லு. மஞ்ச கிளிப்பு போட்டதெல்லாம் தள்ளுபடியா?"

"இல்லம்மா. மஞ்சன்னா இன்னும் ஒருக்க உடுக்கலாம்."

"ஒருக்க உடுத்தா கிழிஞ்சு போவுமா? அப்போ வெலையும் அதுக்குத் தக்கனதானே இருக்கணும்."

நான் அக்காவின் முதுகில் குத்தினேன். "என்னத்தயாவது செல்லி வித்துத் தொலைங்க" என்று பல்லைக் கடித்துச் சொன்னேன். வேறு ஆளுக்குச் சொல்லிவைத்தாச்சு என்று சொல்லியிருந்தாலும் போதும். அந்த அம்மாள் துணியைத் தாடையால் அமுக்கிப் பிடித்துக் கை நீளம் பார்க்கத் தொடங்கினார். அக்கா துணியைப் பார்த்தாள், அந்த அம்மாளின் பட்டுச் சேலையைப் பார்த்தாள்.

"அம்மா, அத முகத்தில வைக்காதிங்க. வியாழக்கிழமை நான் உடுத்ததாக்கும். அழுக்கில்ல. ஆனாலும் வேற ஒருத்திக்கு உள்ளதில்ல."

பூரான் ஏறியது போல அந்த அம்மாள் துணியை உதறிப் போட்டார். அவர் கணவர் சிரித்தார். மேட்ரன் அம்மா சிரிக்கவில்லை. கயிற்றைப் பார்த்தார்கள், கிளிப்புகளைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள். அக்கா குனிந்து நீலச் சுடிதாரை எடுத்தாள். மண் பட்டிருந்தது. மஞ்சளைக் கழற்றிச் சிவப்பை மாட்டினாள்.

மாதக் கடைசியில் அண்ணன் ஆட்டோவோடு வந்தார். அக்கா எல்லாவற்றையும் மடக்கிப் பைக்குள் வைத்தாள். நான் உதவி செய்யவில்லை, கோபமாக இருந்தேன். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பொய் சொல்லத் தெரியாதவள் எதற்கு ஒளித்துவைக்கணும்?

அவள் போகும்போது கயிறு பழைய இடத்தில் கட்டியிருந்தது. அதில் ஒரு மெரூன் சுடிதார், பச்சைக் கிளிப்போடு.

"இத எடுக்காம போறியளே."

"கெடக்கட்டும் மக்கா. இன்னும் ரெண்டு தடவ உடுக்கலாம்."

மறுநாளே மேட்ரன் அம்மா வந்தார்கள். "இது ஆருக்க துணி?"

"எனக்க."

"உனக்கு இவ்வளவு நீளமா?"

"வளருதேன்."

என் வாயோடு மோத மேட்ரன் அம்மாவுக்குத் தெம்பு கிடையாது. காலியான கட்டிலுக்குப் புதிதாக வந்த பெண்ணும் கயிற்றைப் பற்றி ஒரு தடவை கேட்டாள். நான் பார்த்த பார்வையில் பிறகு கேட்கவில்லை.

மழை பிடித்த ஒரு நாள் மதியம் அக்கா நனைந்துகொண்டு வந்தாள். மெரூனை எடுத்து மாற்றிக்கொண்டு மதிய கிளாஸுக்குப் போனாள். சாயங்காலம் வந்து கழற்றி, உதறி, மோந்து, மஞ்சளை மாட்டிவிட்டுக் கள்ளிக்காட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்தாள். அன்றைக்கு வெயில். இடது தோள் முழுக்க உப்புப் பூத்திருந்தது. கண்ணை மூடி வெகு நேரம் நின்றாள். சிவப்பை மாட்டினாள்.

"அடுத்து வாறப்ப கொண்டுபோய் வெள்ளத்தில போட்டு அலக்குதேன்" என்றாள். "அதோட உனக்க தலைக்கு மேல உள்ள இந்தத் தொல்லை தீரும்."

அவள் பஸ் ஏறியதும் நான் கட்டிலில் ஏறி நின்று சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையை மாட்டினேன்.

அடுத்த முறை வந்தவள் கயிற்றுக்கு நேரே போனாள். துணியை மூக்கில் வைத்தாள். முகம் சுளிந்தது. கிளிப்பைப் பார்த்தாள், திரும்பி என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உனக்க மூக்கு செரியில்ல மக்கா" என்றாள். அதையே எடுத்து உடுத்திக்கொண்டு போனாள். சாயங்காலம் வந்து, மோந்தே பார்க்காமல், மஞ்சளை மாட்டினாள்.